மஸராட்டியா, கூரை திறக்கும் மாஸ்டாவா?

இங்கிலாந்தில் பழைய கார் விலைகளைப் பார்க்க ஆரம்பித்தால் தூக்கம் போச்சு. லட்சக்கணக்கில் மைல் ஓடிய டொயோட்டாவுக்கும் முன்பு கோடீஸ்வரர்கள் ஓட்டிய வண்டிக்கும் இங்கே பெரிய விலை வித்தியாசம் இருப்பதில்லை. அப்படித்தான் 2005ஆம் வருடத்து மஸராட்டி குவாட்ரோபோர்ட்டே ஒன்று கண்ணில் பட்டது. எட்டாயிரம் பவுண்டு. சென்னையில் புது ஸ்விஃப்ட் வாங்கும் காசு. பினின்ஃபரினா என்ற இத்தாலிய நிறுவனம் வடிவமைத்த உடம்பு, ஃபெராரியின் மரனெல்லோ ஆலையில் செய்த 4.2 லிட்டர் வி8 எஞ்சின், 400 குதிரைத்திறன். இத்தாலியக் குடியரசுத் தலைவராக இருந்த சியாம்பி ஏறிப்போன அதே மாடல். லண்டன் ஹாரோவில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் அது நிற்பதைக் கற்பனை செய்தேன். அதற்கு முன்னால் நின்று ஊருக்கு ஒரு போட்டோ அனுப்புவதையும் கற்பனை செய்தேன், மறைப்பானேன்.

மனைவியின் எண்ணம் வேறு. அவளுக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 வேண்டும். இரண்டே சீட்டு, துணிக் கூரை. எதிர்வீட்டுப் பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஏப்ரலில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு கூரையைத் திறந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. "ஏங்க, ஏசி போட்ட பெட்டிக்குள்ள உட்கார்ந்து போறதை ஊர்லயே செஞ்சாச்சே. இங்க வந்தும் அதேதானா?" என்றாள். அரிசி மூட்டைக்கும் மழைக்கும் ஏற்கெனவே ஒரு சின்ன டொயோட்டா இருப்பதால் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா அம்மா ஆறு மாத விசாவில் வந்தால் எங்கே உட்கார வைப்பது என்று கேட்டுப் பார்த்தேன். "டொயோட்டாவுல" என்றாள்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்று: இந்திய லைசென்ஸை இங்கே மாற்றித் தர மாட்டார்கள். குடியேறி 12 மாதம் வரை அதை வைத்து ஓட்டலாம், பிறகு தியரித் தேர்வில் 50க்கு 43 எடுத்து, ரோட்டிலும் ஓட்டிக் காட்டிப் புதிதாக வாங்க வேண்டும். இன்ஷூரன்ஸ்காரர்கள் பெரும்பாலும் இந்தப் புது லைசென்ஸின் வயதைத்தான் பார்க்கிறார்கள். மதுரையில் பஸ்ஸுக்கும் மாட்டுக்கும் நடுவே ஓட்டிய பத்து வருஷத்துக்குப் பெரிதாக மதிப்பில்லை. இன்ஷூரன்ஸ் செலவுக்கு ஏற்பக் கார்களை 1 முதல் 50 வரை குரூப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மஸராட்டி உச்சாணியில் இருக்கிறது. எம்எக்ஸ்-5 நடுவில் எங்கோ.

சாலை வரியில் இன்னொரு வேடிக்கை. 2006 மார்ச் 23க்கு முன் பதிவான வண்டி எவ்வளவு புகை விட்டாலும் வரி ஒரு மட்டத்தோடு நின்றுவிடும். அதற்குப் பின் பதிவாகி மஸராட்டி அளவுக்குப் புகை விட்டால் உச்ச வரி. 2025-26 கணக்குப்படி 430 பவுண்டுக்கும் 760 பவுண்டுக்கும் உள்ள வித்தியாசம். அப்படியானால் 2005 வண்டிதானே நல்லது? அங்கேதான் சிக்கல். ஆரம்ப கால வண்டிகளில் இருப்பது டியோசெலக்ட் கியர்பாக்ஸ். கிளட்ச் பெடல் கிடையாது, கிளட்ச் உண்டு. அதை அமுக்கி விடுவது கம்ப்யூட்டர். லண்டன் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால், ரிவர்ஸில் மெதுவாக மேடேறினால், தேய்ந்துவிடும். மாற்ற ஆயிரக்கணக்கில் செலவு. சாதாரண ஆட்டோமேட்டிக் 2007இல்தான் வந்தது. அதை வாங்கினால் கிளட்ச் தொல்லை இல்லை, ஆனால் உச்ச வரி. இரண்டில் எதில் காசை விடலாம் என்று நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாசு மண்டலக் கட்டணத்தில் மஸராட்டி தப்பித்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க, தரத்துக்குள் வராத வண்டிக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. பெட்ரோலுக்கு யூரோ 4 என்ற புகைத் தரம் இருந்தால் போதும், டீசலுக்கோ யூரோ 6 வேண்டும். அதனால் வி8 எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு போகும், 2012ஆம் வருடத்துச் சின்ன டீசல் வண்டிக்காரர் காசு கட்டுவார்.

போய்ப் பார்த்தோம். கதவைத் திறந்ததும் தோல் வாசனை, நடுவில் முட்டை வடிவக் கடிகாரம். சாவியைத் திருப்பினால் அந்தச் சத்தத்துக்கே எட்டாயிரம் கொடுக்கலாம் போலிருந்தது. அப்புறம் ஜன்னல் பட்டனை அமுக்கினேன். விரலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. அந்தக் கால ஃபெராரி, மஸராட்டி பட்டன்களின் மேல்பூச்சு நாளாக ஆக உருகிப் பிசினாகிவிடும். பேப்பரில் துடைத்தேன், போகவில்லை.

பழக்கமான யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார். அவரிடம் வண்டி நம்பரைக் கொடுத்தேன். இங்கே நம்பரை வைத்தே அரசுத் தளத்தில் எம்ஓடி (வருடாந்திர வண்டிச் சோதனை) வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம், ஒவ்வொரு சோதனையிலும் ஓடியிருந்த மைல், சுட்டிக்காட்டிய குறை எல்லாம் இருக்கும். அந்த வண்டி சில வருடங்களில் சில நூறு மைல்கூட ஓடவில்லை. அண்ணன் சொன்னார்: "தம்பி, கார் வடிவாத்தான் இருக்கு. ஆனா இதை வாங்கினாக்கள் ரெண்டாந்தரம் என்னட்ட வரேக்க, இதை ஆர் வாங்குவினம் எண்டுதான் கேக்கினம். கியர் மாத்திறது கம்ப்யூட்டர், காசு கட்டுறது நீர்." மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் என்றேன், நம் ஊர்ப் பழக்கம். காலனுக்கு 15 மைல், அதாவது லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

மாஸ்டாவுக்கு அவர் சொன்ன சோதனையே வேறு. சீட்டுக்குப் பின்னால், கூரை மடியும் இடத்தில், மழைநீர் வடிய இரண்டு பக்கமும் ஓட்டைகள் உண்டு. இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கி, கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதி துருப்பிடிக்கும். அதனால் கார்ப்பெட்டை அமுக்கி ஈரமா பார், குனிந்து கீழே தட்டிப் பார், எம்ஓடியில் துரு பற்றிய குறிப்பு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வா. முதலில் பார்த்த வண்டியில் ஈரம். அடுத்தது சுத்தம். 2009 மாடல், 1.8 லிட்டர், சாலை வரி அந்த 760இல் பாதிகூட இல்லை.

நவம்பரில் வாங்கினோம். கூரை திறக்கும் வண்டியை மழைக்காலத்தில் யாரும் சீந்த மாட்டார்கள் என்பதால் விலை நன்றாகவே இறங்கியது. மேலே நடுவில் ஒரே ஒரு கொக்கி. அதை விடுவித்துக் கையால் பின்னால் தள்ளினால் கூரை மடிந்து படுத்துக்கொள்ளும், சீட்டை விட்டு எழ வேண்டியதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சில்டர்ன் குன்றுப் பக்கம் போனோம். ஹீட்டர் காலைச் சுட, காது மட்டும் உறைந்தது. எதிரே இன்னொரு எம்எக்ஸ்-5 வந்தது, அதுவும் திறந்தபடி. ஓட்டியவர் கையை உயர்த்தினார்.

அப்பாவுக்கு வீடியோவில் காட்டினோம். "கூரை போடக் காசு பத்தலையா?" என்றார். ஜூனில் வருகிறார்கள். முதல் ரவுண்டு எனக்குத்தான் என்று அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.