33550336: கொப்பியில் கூட்டிப் பார்த்த கதை

மூன்று கோடியே முப்பத்தைந்து இலட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு. ஐந்தாவது செவ்விய எண். தன்னை விட்டு மற்ற எல்லாக் காரணிகளையும் கூட்டினால் திரும்ப அதே எண் வரும். 6, 28, 496, 8128 இந்த நாலும் பழைய கிரேக்கர்களுக்கே தெரிந்திருந்தது, அடுத்தது ஒரே பாய்ச்சலில் எட்டு இலக்கத்துக்குப் போய்விடுகிறது. கல்குலேட்டரைத் தொடாமல் இதைச் சரிபார்க்க வேண்டும் என்று போன கிழமை ஒரு சீஆர் கொப்பியோடு உட்கார்ந்தேன்.

எண் 4096 × 8191. பதின்மூன்று 2களைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 8191. அது முதன்மை எண்ணாக இருந்தால்தான் கதை நடக்கும். 90 வரை எல்லா முதன்மை எண்களாலும் வகுக்கத் தேவையில்லை, ஏனென்றால் இந்த வகை எண்ணுக்கு முதன்மைக் காரணி இருந்தால் அது 26இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகவே இருக்கும். அப்படிப் பார்த்தால் 53, 79 இரண்டும்தான். மீதி 29, 54. சரி, முதன்மை எண்தான். (பதினொரு 2களுக்கு இது நடக்காது, 2047 என்பது 23 × 89.)

அப்புறம் கூட்டல். 1, 2, 4 என்று 4096 வரை பதின்மூன்று காரணிகள், 8191, 16382 என்று இரட்டித்து 16775168 வரை பன்னிரண்டு. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் மான்கள் படுத்திருக்கும் நிழலில் இருந்து கூட்டினேன். வந்தது 33556636. 6300 கூட. மூன்று தரம் கூட்டினேன், அதே விடை.

வீட்டில் தங்கச்சியின் மகள் கொப்பியைப் பார்த்துவிட்டு, "மாமா, ஒரு இடத்தில பிழைச்சா அதுக்குப் பிறகு எல்லாம் இரட்டிச்சுத்தானே போகும், 63ஆல பிரிச்சுப் பாருங்கோ" என்றாள். 1+2+4+8+16+32 = 63. 6300ஐப் பிரித்தால் 100. அப்படியென்றால் கடைசியிலிருந்து ஆறாவது வரியில் 100 கூடியிருக்கிறது. போய்ப் பார்த்தால் 262112ஐ இரட்டித்த இடத்தில் 524224க்குப் பதிலாக 524324 என்று எழுதியிருக்கிறேன்!

அந்தப் பிழையால்தான் எண் எனக்கு விளங்கியது. முதல் பதின்மூன்றையும் கூட்டினால் 8191. அடுத்த காரணியும் 8191. இரண்டும் சேர்ந்து 16382, அடுத்த காரணியும் அதுவே. ஒவ்வொரு வரியிலும் அதுவரையான கூட்டுத்தொகையும் அடுத்து நிற்கும் எண்ணும் ஒன்றாகவே வந்து, கடைசியில் 16775168உம் 16775168உம் சேர்ந்து 33550336. பிழை பெருகின வழியிலேயே எண்ணும் கட்டப்பட்டிருக்கிறது.

வேறு சிலதும் பார்த்தேன். 1 முதல் 8191 வரை கூட்டினாலும் இதே எண், ஆகவே முக்கோண எண். துவிதத்தில், அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதினால் பதின்மூன்று ஒன்றுகள், பின்னால் பன்னிரண்டு பூச்சியங்கள். இலக்கங்களைக் கூட்டினால் 28, அதுவும் செவ்விய எண். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இப்போது ஒற்றை எண்களின் கனங்கள். 1 முதல் 127 வரை அறுபத்து நான்கு கனங்களின் கூட்டுத்தொகையும் இதே எண்தான். நேற்று இரவு 39இன் கனம் வரை முடித்தேன், 319600. இன்னும் நாற்பத்து நான்கு இருக்கிறது.