மிதி

செப்டம்பர் 12, 2025
அப்பாவின் பழைய பத்மினி காரை ஜாக்கில் தூக்கி, வலது முன்சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டினேன். லொடலொடவென்று ஆடியது. அக்கா மகனான மருமகனைப் பிரேக் மிதியை அழுத்தச் சொன்னேன். நாலைந்து முறை மிதித்த பிறகே பிரேக் பிடித்தது. பிடித்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. வீல் பேரிங் தேய்ந்திருந்தால் நின்றிருக்கும். இது கிங் பின், முன்சக்கரம் திரும்பும் அச்சுத் தண்டு.

செப்டம்பர் 13
இடது டிரம்மைத் திறந்தேன். உள்ளே ஈரம். லைனிங் முழுக்கப் பிரேக் ஆயில்.
முன்பே இரண்டு முறை ஆயில் ஊற்றினேன்.

செப்டம்பர் 15
சின்னவளுக்குத் தையல் பிரித்தார்கள். மூன்று தையல். வலித்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

செப்டம்பர் 18
ஆசான் தக்கலையிலிருந்து பஸ்ஸில் வந்தார். அப்பா 1981இல் இந்தப் பத்மினியை வாங்கிய நாள் முதல் இதைத் தொட்டவர். சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்முக்கு ஜாக்கை முட்டுக் கொடுத்து, ஸ்பிரிங் அமுக்கும் கம்ப்ரசரால் காயில் ஸ்பிரிங்கை இறுக்கிய பிறகே நட்டைத் தொட விட்டார். "நேரே நிற்காதே மக்களே, தள்ளி நில். சுருண்டு கிடக்கிறது என்று நினைக்காதே, அது குதிக்கக் காத்திருக்கிறது" என்றார். மெல்ல இறக்கினோம். ஸ்பிரிங் வெளியே வந்தபோது இருவருக்குமே மூச்சு வந்தது.

ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ்களில் ரப்பர் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. விரலால் கிள்ளினால் தூளாக உதிர்கிறது.

போகும்போது, "ஆயில் குறைந்தது முன்பே தெரியாதா?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

செப்டம்பர் 19
தெரியும். ஆகஸ்டில் ஒரு முறை, ஓணம் முடிந்த வாரத்தில் ஒரு முறை. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து கோடுவரை ஊற்றி மூடிவிட்டேன். ஊற்றிய ஆயில் எங்கே போகிறது என்று ஒரு நிமிடம் குனிந்து பார்க்கவில்லை. இந்த வண்டியில் மிதி அழுத்தி ஆயிலைத் தள்ளுவது ஒரே மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போகும். இருபது வருடமாக அடுத்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வில்லுக்குறி தாண்டி மிதி தரைவரை போனபோது கையில் அகப்பட்டது கைப்பிரேக் மட்டும். அது கம்பியில் இயங்குவது. அதுவும் இல்லையென்றால்.

எழுத முடியவில்லை.

செப்டம்பர் 22
டிரம்முக்குள் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அம்மைத் தழும்பு போலக் குழிகள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். குளச்சல் காற்றில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம்தான் உள்ளே துருவாகிறது, குழியின் மேல் ஓடி ஓடி ரப்பர் கப் அறுபடுகிறது. தேய்த்து மெருகேற்றினால் போதும் என்றார் ஒருவர். வேண்டாம். புதிது போடுகிறேன். மாஸ்டர் சிலிண்டரும், பின்சக்கர சிலிண்டர்களும்கூட.

மும்பைக் கடைக்காரரிடம் பேசினேன். அங்கே பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டன, இனி இருப்பதைத்தான் விற்க வேண்டும் என்கிறார். பார்சல் வர எட்டு நாள்.

செப்டம்பர் 26
பார்சல் வரவில்லை. மழை.

அக்டோபர் 1
ஆயுத பூசை. எலுமிச்சை வைக்க முன்பக்கம் சக்கரம் இல்லை. கடைந்து வந்த டிரம்களை வரிசையாக அடுக்கி, சின்னவள் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். தாடையில் தழும்பு இன்னும் சிவப்பாகத் தெரிகிறது. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

அக்டோபர் 4
பார்சல் வந்தது! சிலிண்டர்கள், ரப்பர் கிட், கிங் பின் செட். எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 5
நான் லேத் பட்டறையில் இருந்த நேரத்தில் மருமகன் ரப்பர் கப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருக்கிறான். உதவி செய்வதாக நினைத்து. மண்ணெண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊதிப்போகும். பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும். எல்லாம் பருத்துவிட்டன, சிலிண்டருக்குள் நுழையவில்லை. கத்திவிட்டேன். சாப்பிடாமல் போய்விட்டான்.

அவன் தெரியாமல் செய்தான். நான் தெரிந்து ஊற்றினேன்.

அக்டோபர் 6
ஈத்தாமொழிக்கு அக்கா வீட்டுக்குப் போய் அவனை அழைத்து வந்தேன். அக்கா பத்துத் தேங்காய் கொடுத்து அனுப்பினாள். ரப்பர் கிட்டுக்கு மறுபடி பணம் அனுப்பியாயிற்று.

அக்டோபர் 9
கிங் பின் வேலை. புது புஷ்களை அடித்து இறக்கி, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வர, துளையைச் சீராக்கும் நீண்ட ரீமரை ஓட்டினார் பட்டறைக்காரர். புஷ்ஷின் துளையும் கிரீஸ் நிப்பிளின் துளையும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்று நானே குச்சி விட்டுப் பார்த்தேன். நேராக இல்லையென்றால் எத்தனை முறை கிரீஸ் அடித்தாலும் கிங் பின்னுக்குப் போய்ச் சேராது. கிங் பின், எண்ணெய் தடவிய விரல் போல வழுக்கி இறங்கியது. இந்த மாதத்திலேயே மனது நிறைந்த ஒரே நொடி.

அக்டோபர் 13
ராத்திரி தூக்கத்தில் வலது காலை உதைக்கிறேனாம். மனைவி சொன்னாள்.

அக்டோபர் 16
எல்லாம் பூட்டியாயிற்று. பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுக்கும் வேலை. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின்பக்க இடது சக்கரத்தில் தொடங்கினேன். மிதிக்க ஆள் வேண்டும். மருமகனுக்குக் கல்லூரி. சின்னவள் தானாக வந்து டிரைவர் இருக்கையில் ஏறினாள். கால் எட்ட முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டாள்.

"மிதி." மிதித்தாள். காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்தேன். குழாயில் குமிழி குமிழியாக வந்தது. "நான் மூடும்வரை காலை எடுக்காதே. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்." எடுக்கவில்லை. நான்கு சக்கரத்துக்கும் ஒன்றரை மணி நேரம். கால் நடுங்கியது, வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தேன். எடுக்கவில்லை.

கடைசியில், "அப்பா, இப்போது கல் மாதிரி இருக்கிறது" என்றாள்.

வண்டிக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

அக்டோபர் 17
சக்கரங்களை மாட்டித் தரையில் இறக்கினேன். ஆர்ம் புஷ் நட்டுகளின் கடைசி முறுக்கு வண்டியின் எடை இறங்கிய பிறகுதான்; தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் திருகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். ஆசானிடம் போனில் சொன்னேன். "சரியாகச் செய்தாய்" என்றார்.

அக்டோபர் 18
ஆயில் மட்டம் கோட்டில்.

அக்டோபர் 19
கோட்டில். நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் விரல் வைத்துத் தடவினேன். உலர்வு.

அக்டோபர் 21
கோட்டில். அலைன்மென்ட்டுக்கு நாகர்கோவில் போக வேண்டும். சின்னவளும் வருகிறேன் என்கிறாள். பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். மழை விட்டதும்