தீக்கு நின்ற சுவர்கள்: சிகாகோவின் புனித மிக்கேல் ஆலயம்

சிகாகோவின் பிரவுன் லைன் ரயிலில் வந்து செட்ஜ்விக் நிலையத்தில் இறங்கிச் சற்று வடக்கே நடந்தால், ஓல்ட் டவுன் பகுதி வீடுகளின் கூரைகளுக்கு மேலே 290 அடி உயரக் கோபுரம் ஒன்று தெரிகிறது. அதுவே நான் காண வந்த புனித மிக்கேல் ஆலயம்.

பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்து நகரின் வடபகுதியில் குடியேறிய ஜெர்மானியக் கத்தோலிக்கர்கள், தங்கள் தாய்மொழியில் மறையுரை கேட்கவும் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யவும் தங்களுக்கென ஒரு பங்கை, அதாவது தனிக் கோவிலும் குருவும் கொண்ட இறைமக்கள் சமூகத்தை, விரும்பினர். பீர் ஆலை நடத்திய மைக்கேல் டைவர்சி நிலம் கொடுக்க, 1852-இல் மரத்தாலான சிறிய கோவில் எழுந்தது. அவருடைய பாதுகாவலரான மிக்கேல் அதிதூதரின் பெயரே அதற்கு இடப்பட்டது. 1860-இல் ரெடம்ப்டரிஸ்ட் சபைக் குருக்கள் பங்கின் பொறுப்பை ஏற்றார்கள். மக்கள் பெருகவே, 1866-இல் செங்கல்லால் ஒரு பெரிய ஆலயத்தைக் கட்டத் தொடங்கி, 1869-இல் முடித்தார்கள்.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1871 அக்டோபர் 8 இரவு நகரின் தென்மேற்கில் மூண்ட தீ, ஆற்றைத் தாண்டி வடபகுதிக்குள் புகுந்து, ஃபுல்லர்டன் சாலைவரை பெரும்பாலானவற்றைச் சாம்பலாக்கியது. சுமார் 300 பேர் மாண்டனர். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். ஆலயத்தின் கூரையும் உட்புறமும் எரிந்துபோயின. தடித்த செங்கற்சுவர்கள் மட்டும் விழாமல் நின்றன. பங்கு மக்களில் பெரும்பாலோர் தங்கள் வீடுகளையே புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்த அந்த வேளையில், எஞ்சிய சுவர்களை நம்பி ஓரிரு ஆண்டுகளுக்குள் ஆலயத்தையும் மீட்டெடுத்தார்கள் என்பதே, இவ்வரலாற்றில் என்னை மிகவும் நெகிழச் செய்த செய்தி.

1876-இல் ஐந்து மணிகள் கோபுரத்தில் ஏற்றப்பட்டன. அவற்றின் ஓசை காதில் விழும் தூரத்தில் குடியிருப்பவரே ஓல்ட் டவுன்வாசி என்பது இன்றும் இங்கு வழங்கும் பேச்சு.

உள்ளே, செதுக்கு வேலைப்பாடு நிறைந்த உயர்ந்த பலிபீடத்தின் உச்சியில் மிக்கேல் அதிதூதர் நிற்கிறார். இருபுறச் சன்னல்களிலும் மியூனிக் நகரின் மேயர் நிறுவனம் செய்த வண்ணக் கண்ணாடிகள், 1902-இல் பொருத்தப்பட்டவை. வெயில் ஏறியதும் அவற்றின் நீலமும் சிவப்பும் இருக்கைகள்மீது படிகின்றன. பலரும் இந்த அழகைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். செல்பவர்கள் வெளியே வந்து பக்கச் சுவரை ஒட்டியும் ஒருமுறை நடக்க வேண்டும். தீக்கு முன்பே அக்குடியேறிகள் எழுப்பிய சுவர் அது.