எண்பதில் போக ஒரு பெரிய வண்டி

நூறு சிசி வண்டியில் லடாக் வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. அதனால், தூரப் பயணத்துக்குப் பெரிய பைக் கட்டாயம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. என்னுடைய 150 சிசி ஹோண்டா யூனிகார்ன் மதுரையிலிருந்து மூணாறு, தனுஷ்கோடி, கன்னியாகுமரி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் முகம் சுளிக்காமல் வந்த வண்டி. தனியாக, ஒரு தோள்பையோடு போகிறவரை அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டம்மாவும் கூட வர ஆரம்பித்த பிறகுதான் கணக்கு மாறியது.

இரண்டு பேர், இரண்டு பை, மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஏறியதும் வண்டி வேறு வண்டி ஆகிவிடும். நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு 2018இல் மத்திய அரசு வைத்த உச்சவேகம் மணிக்கு 80 கி.மீ. அதைத் தாண்டும் ஆசை எனக்கு என்றுமே இருந்ததில்லை. ஆனால் அந்த எண்பதையே பாரத்தோடு, எதிர்காற்றில், நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு போவது சின்ன இன்ஜினுக்குப் பெரிய வேலை. காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறுகிறது. அறுபதில் செலவாவதைப் போல இரண்டே கால் மடங்குக்கும் மேல் எண்பதில் போய்விடும். ஆக்சிலரேட்டரை முக்கால்வாசி முறுக்கியே வைத்திருக்க வேண்டும். லாரியை முந்த நாலாவது கியருக்கு இறங்க வேண்டும். இருநூறு கிலோமீட்டர் தாண்டினால் உள்ளங்கை மரத்துப்போகும்.

அப்புறம் ஆரல்வாய்மொழி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அந்தக் கணவாயில் வெறும் பழமொழி இல்லை, போக்குவரத்து எச்சரிக்கை. முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே பக்கவாட்டில் அடிக்கிற காற்றில் வண்டியைச் சாய்த்துப் பிடித்தபடியே நேராக ஓட்ட வேண்டியிருக்கும். ஒரு லாரி பக்கத்தில் வந்து காற்றை மறைத்ததும் வண்டி லாரிப் பக்கம் இழுக்கும். லாரி போனதும் ஓரத்துக்குத் தள்ளும். பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் சட்டையைப் பிடித்திருந்த பிடியிலேயே எனக்குச் செய்தி வந்துவிட்டது.

ஆக, எனக்கு வேண்டியது வேகமாகப் போகிற வண்டி இல்லை. எண்பதில் மூச்சு வாங்காமல் போகிற வண்டி.

முதலில் ஓட்டிப் பார்த்தது ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350. தாழ்வான சீட், நிதானமான இன்ஜின். கால் முன்னால் நீட்டி உட்காருவதால் பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சி நேராக இடுப்புக்கு ஏறுகிறது. என் இடுப்புக்கு அது சரிப்படவில்லை. அடுத்து அதே கம்பெனியின் இன்டர்செப்டர் 650. ஆசை என்றால் அதன்மேல்தான். இரண்டு சிலிண்டர், 47 குதிரைத்திறன், அந்தச் சத்தம்! ஆனால் 217 கிலோ, டேங்க் 13.7 லிட்டர்தான். நான் போக நினைக்கிற மலைச் சாலைகளில் பாதி தார் பார்த்துப் பல வருடம் ஆனவை. மூன்றாவதாக, அதே கம்பெனியின் ஹிமாலயன் 450. 2023 நவம்பரில் வந்த வண்டி; 452 சிசி, 40 குதிரைத்திறன், 17 லிட்டர் டேங்க், 196 கிலோ. உட்கார்ந்ததும் முதுகு நிமிர்ந்தது, தோள் தளர்ந்தது. சீட் உயரம் 825 மில்லிமீட்டர் என்பது மட்டும் என் ஐந்தடி ஐந்தங்குலத்துக்குச் சவால்.

டெஸ்ட் ரைடு பற்றி ஒரு வார்த்தை. ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்தால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். தெரிந்தவர் யாரிடமாவது அந்த வண்டி இருந்தால், பெட்ரோல் போட்டுக் கொடுத்து, அரை நாள் வாங்கி ஓட்டுங்கள். முக்கியமாக, பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிப்போங்கள். என் வீட்டில் ஹிமாலயனுக்குத் தீர்ப்பு சொன்னது அவர்தான். "இது உசரமா இருக்கு, ஏறத்தான் கஷ்டம். ஏறிட்டா ஒண்ணும் தெரியல. இதையே பாருங்க."

பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜி.எஸ்.டி. மாறியது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு வரி 28லிருந்து 18 சதவீதமாக இறங்க, அதற்கு மேற்பட்டவற்றுக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்ந்து 31 ஆக இருந்தது ஒரேயடியாக 40 ஆனது. நான் கண் வைத்த வண்டி கோட்டுக்கு அந்தப் பக்கம். அதோடு தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புது பைக்குக்கு 12 சதவீத ஆயுட்கால வரி. புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது) கட்டாயம் என்பதால் 350 சிசிக்கு மேல் என்றால் அதற்கே 15,117 ரூபாய். 150 முதல் 350 சிசி வரை இதே காப்பீடு 7,365 தான். எல்லாம் 2022இல் நிர்ணயித்த கட்டணம், அதற்குமேல் ஜி.எஸ்.டி. தனி. கூட்டிப் பார்த்துவிட்டு, பழைய வண்டியே தேடுவோம் என்று முடிவு செய்தேன். தனி ஆளிடம் வாங்கும்போது இந்த வரிகளையெல்லாம் முதல் சொந்தக்காரர் கட்டி முடித்திருப்பார்.

கோயம்புத்தூரில் ஒருவர் தன் ஹிமாலயனை விற்பதாகத் தெரிந்தது. வெளிநாட்டு வேலை கிடைத்துக் கிளம்புகிறவர். எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கிளம்பும் முன்பே போன் போட்டு, "நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லச் சொன்னார் அண்ணன். சூடான இன்ஜின் பல நோய்களை மறைத்துவிடுமாம். போய் இறங்கியதும் அவர் செய்த முதல் காரியம், இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. சில்லென்று இருந்தது. "சரி, இனி பேசலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பார்த்த விதம்தான் எனக்குப் பாடம். பெயின்ட்டையோ மீட்டரையோ அவர் கண்டுகொள்ளவே இல்லை. நேராகத் தரையில் படுத்து, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகட்டைப் பார்த்தார். கல் பட்ட வடு இருந்தது, நசுங்கல் இல்லை. முன் ஷாக்கின் மேல் விரலை ஓட்டி எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார். ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்து இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங்... ஒரு இடத்தில் மட்டும் 'டொக்' என்றது. இரண்டாவது தரம் தட்டிவிட்டு, "இது லூஸு. பின் ரிம்முல கல்லு விழுந்திருக்கு" என்றார். விரல் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற நெளிவு. ரேடியேட்டர் இடுக்கில் காய்ந்த சேறு, பற்கள் கூர்ந்துபோன ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்). இந்த மூன்றையும் சொல்லியே விலையில் ஒரு தொகை குறைந்தது. விற்றவரும் நல்ல மனுஷர். "நீங்க சொல்றது சரிதானுங்க, அதைக் கழிச்சுக்கிட்டே குடுங்க" என்று அதிகம் இழுக்காமல் முடித்தார்.

காகித வேலையில் கவனிக்க வேண்டியவை இவை. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருக்கும் சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இ-செலான் (போக்குவரத்து அபராதம்) பாக்கி இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம்; பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் நகராது. வண்டி மேல் கடன் இருந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), கடன் தீர்ந்ததற்கான படிவம் 35உம் கையில் வந்த பிறகே முழுப் பணம். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இவற்றில் வெற்றுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று ஓட்டுவது நம் ஊர் வழக்கம். விற்றவருக்குத்தான் அதில் ஆபத்து அதிகம். பெயர் மாறும் வரை எந்த வழக்கானாலும் நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

பலர் கோட்டை விடுவது இன்சூரன்ஸில். வண்டி கைமாறியதும் மூன்றாம் நபர் காப்பீடு தானாக நம் பக்கம் வந்துவிடும்; வண்டியின் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. 14 நாளுக்குள் விண்ணப்பித்து நம் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய சொந்தக்காரர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான தள்ளுபடி, அவருடையது, வண்டியுடையது இல்லை. அந்தத் தள்ளுபடிக்கான வித்தியாசத்தை நாம்தான் கட்ட வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டி, வண்டி அடிபட்ட பிறகு பாலிசியைத் தூக்கிக்கொண்டு போனால் கதவு திறக்காது. எங்கள் வேலை நடந்த ஆபீஸில் ஒரு கையெழுத்துக்காக நான் நடந்த நடை தனிக்கதை. அதை விட்டுவிடுகிறேன்.

ஓட்டுநர் உரிமம் வேறு எடுக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் கியர் வண்டி உரிமம் இருந்தால் நூறு சிசியும் ஓட்டலாம், ஆயிரம் சிசியும் ஓட்டலாம். இது வசதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது கிலோ கூடுதல் எடையை யாரும் சொல்லித்தராமலேயே ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பதுதான் இதன் பொருள்.

சொல்லித்தந்தது மெக்கானிக் அண்ணன்தான். ரிங் ரோட்டை ஒட்டிய ஒரு காலி மனையில் பழைய டயர்களைப் போட்டு, அதன்மேல் வண்டியை வேண்டுமென்றே சாய்த்துவிட்டு, "தூக்குங்க" என்றார். குனிந்து ஹேண்டிலைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. "அப்படித் தூக்குனா டிஸ்க்குதான் நழுவும். வண்டி டிஸ்க்கு இல்ல, முதுகு டிஸ்க்கு" என்றார். பிறகு முறையைக் காட்டினார். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப்பக்கம் போய் விழும். உருளாமல் இருக்கக் கியரில் போட வேண்டும். வண்டிக்கு முதுகைக் காட்டிச் சீட்டில் சாய்ந்து குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின் கேரியரையும் பிடித்து, தொடையால் தள்ளி, பின்னாலேயே சின்னச் சின்ன எட்டாக நடக்க வேண்டும். முழு எடையும் காலுக்குப் போவதால் வண்டி சொன்னபடி எழுந்து நின்றது. அன்று சாயங்காலம் வரை இதையே செய்தோம்.

அடுத்து மெதுவாக ஓட்டுவது. எடை உள்ள வண்டியில் எண்பதில் போவது சுலபம். எட்டில் போவதுதான் கஷ்டம். கிளட்ச்சைப் பாதி விட்ட நிலையிலேயே வைத்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, ஆக்சிலரேட்டரை மாற்றாமல் திரும்ப வேண்டும். முன் பிரேக் பக்கமே விரல் போகக் கூடாது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைத் தொட்டால் வண்டி அப்படியே படுத்துவிடும். பார்வை சக்கரத்தில் இல்லாமல், போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். கால் எட்டாத பிரச்சினைக்கும் வழி சொன்னார்: நிற்கும்போது இடுப்பை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி ஒரு காலை மட்டும் முழுதாக ஊன்று, வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும். இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்ற எண்ணம் போனதும் உயரம் பற்றிய பயமும் போய்விட்டது.

இதற்கெல்லாம் பரீட்சை வைத்தது திம்பம் மலைப்பாதை. மதுரையிலிருந்து சத்தியமங்கலம் வழியாக மைசூருக்குக் கிளம்பினோம், 400 கி.மீ. பக்கம் வரும். சத்தி வரை சொல்ல எதுவுமில்லை என்பதே பெரிய விஷயம். எண்பதில் வண்டி ஆறாவது கியரில் சும்மா உருண்டது, பின்னாலிருந்து பேச்சுச் சத்தம் கூடக் கேட்டது. பண்ணாரியில் கும்பிட்டுவிட்டு மலை ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவு. மாலை 6 முதல் காலை 6 வரை கனரக வண்டிகளுக்குத் தடை என்பதால் பகலில் லாரிகள் வரிசை கட்டி ஏறும். நீளமான லாரி ஒன்று வளைவில் திரும்ப முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ள, அதன் பின்னால் ஏற்றத்தில், பாரத்தோடு, நடை வேகத்தில் நாங்கள். லாரிக்குப் பக்கத்து இடுக்கில் புகுந்து போகலாம் என்று பார்த்த ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் அரை கிளட்ச்சில், பின் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, லாரி விலகும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். கால் தரையில் படவில்லை. ஆசனூர் தாண்டும்போது கரும்பு லாரி ஒன்று சோதனைச் சாவடியில் நின்றது. கரும்புக்காக யானை வந்து நிற்கும் இடம், அன்று யானைக்கு வேறு வேலை போலிருக்கிறது.

செலவு பற்றியும் சொல்ல வேண்டும். லிட்டருக்கு எனக்கு 28, 30 கிடைக்கிறது. யூனிகார்னில் ஐம்பதுக்குக் குறைந்ததில்லை. செயினை 500 கி.மீ.க்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும். நான் வாங்கிய வண்டியில் டியூப் டயர். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும், அதனால் டயர் லீவரும் மாற்று டியூபும் எப்போதும் பையில். டோல் வழக்கம்போல இலவசம். ஆனால் பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வண்டிக்கு அனுமதி இல்லை, நாற்பது குதிரைத்திறன் என்றாலும் சர்வீஸ் ரோடுதான். யூனிகார்னை விற்கவில்லை. மதுரைக் கீழவாசல் நெரிசலுக்குள் ஹிமாலயனை எடுத்துப்போக எனக்கென்ன பைத்தியமா?

மைசூரில் ரூமுக்குப் போனதும் வீட்டம்மா சொன்னது ஒன்றுதான்: "அடுத்த தடவை சாஞ்சுக்க ஏதாவது மாட்டிட்டுக் கூப்பிடுங்க." இப்போது முதுகுச் சாய்மானம் வைத்த டாப் பாக்ஸ் ஏறியிருக்கிறது. அது பின் சக்கரத்துக்கும் பின்னால், உயரத்தில் இருப்பதால் கனமானதை வைத்தால் முன்பக்கம் லேசாகி ஹேண்டில் ஆடும். அதனால் டூல்கிட், தண்ணீர் எல்லாம் பக்கவாட்டுப் பையில், கீழே; பாக்ஸில் மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் மட்டும். முறுக்கு டப்பாவுக்கு அங்கே இடம் உண்டா இல்லையா என்ற பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.