சேப்பாக்கம் டிக்கெட்டும் பால் கணக்கு நோட்டும்

போன ஆடியில் பெரியப்பா தவறினார். பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவர். பெரியம்மாவை அண்ணன் ஓசூருக்குக் கூட்டிப்போவது என்று முடிவானதும் வீட்டைக் காலி செய்ய நானும் போயிருந்தேன். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். திறந்ததும் பாச்சா உருண்டை வாசனை. உள்ளே சணல் போட்டுக் கட்டிய பழைய ஸ்போர்ட்ஸ்டார் இதழ்கள், பிக் ஃபன் பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் கார்டுகள் இருநூறுக்கு மேல், 1983 உலகக்கோப்பை அணியின் கையெழுத்துகள் உள்ள ஒரு பேட், லேமினேட் செய்த பேப்பர் செய்திகள், அப்புறம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சேப்பாக்கம் மைதானத்தின் ஒரு டிக்கெட்.

அண்ணன் பேட்டைக் கையில் எடுத்தபடியே, தோனி உலகக்கோப்பை ஃபைனலில் ஆடிய பேட் லண்டனில் எவ்வளவுக்குப் போனது தெரியுமா என்று கேட்டான். தெரியும். 2011 ஜூலையில் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது, பணம் தோனி மனைவியின் அறக்கட்டளைக்குச் சேர்ந்தது. பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு, "வித்துடு கண்ணு, ஆகுற காசு ஆவட்டும், பூச்சி அரிக்கிறதுக்குப் பதிலா யாராவது வச்சிருக்கட்டும்" என்றார். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நாலு மாசம் ஆனது. இப்படி ஒரு பெட்டி பல வீடுகளில் இருக்கும் என்பதால் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கிறேன்.

முதலில் பேட். விளையாட்டுப் பொருள்களை ஆன்லைனில் ஏலம் விடும் ஒரு நிறுவனத்துக்குப் படங்கள் அனுப்பினேன். பேசியவர் பொறுமையான மனிதர். லென்ஸ் வைத்துப் பாருங்கள், எல்லாக் கையெழுத்தும் ஒரே நிறம், ஒரே தடிமனா என்று கேட்டார். ஆமாம். ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா? இல்லை. விரலால் தடவினால் பேனா அழுத்திய பள்ளம் தட்டுப்படுகிறதா? இல்லை, வழவழவென்று இருந்தது, மை வார்னிஷுக்கு அடியில் கிடந்தது. அப்படியென்றால் அச்சடித்தது சார் என்றார். பதினாலு பேர் நேரில் உட்கார்ந்து போட்டால் பேனா மாறும், கை மாறும், ஒருத்தர் பெரிதாகப் போட்டு இன்னொருத்தர் ஓரத்தில் ஒடுங்குவார். அந்தக் கோணல்தான் நிஜம். பெரியப்பா அதை அசல் என்று யாரிடமும் சொன்னதே இல்லை. நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

லேமினேட் செய்தவையும் போச்சு. பத்திரப்படுத்துகிறோம் என்று நம் ஊரில் எல்லோரும் செய்வது இது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் பிறகு உரியாது, காகிதம் உள்ளேயே பழுத்துப் போகும், வாங்குகிறவர் தொடவே மாட்டார். தயவுசெய்து செய்யாதீர்கள். காகிதம் என்றால் வெயில் படாத இடம், அமிலம் இல்லாத உறை, அது போதும். பேனா மைக்கு வெயில்தான் முதல் எதிரி, அதனால் ஃபிரேம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டவும் வேண்டாம். பனியன், தொப்பி, கிளவுஸ் இருந்தால் துவைக்காதீர்கள். மண் கறையையும் கிழிசலையும் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுத்தான் அந்த ஆட்டத்தில் போட்டதுதானா என்று கண்டுபிடிக்கிறார்கள்.

பிறகு அந்த டிக்கெட்டைக் காட்டினேன். போனில் இருந்தவரின் குரலே மாறிவிட்டது. 1986 செப்டம்பர் 22, இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்டின் ஐந்தாம் நாள். டெஸ்ட் சரித்திரத்தில் இரண்டே இரண்டு ஆட்டங்கள்தான் டை, அதாவது இரு அணியின் ரன்னும் சமமாகி முடிந்தவை. முதலாவது 1960இல் பிரிஸ்பேனில், இரண்டாவது இது. ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் மெட்ராஸ் வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 அடித்து ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டம். கடைசி நாள் இந்தியாவுக்கு 348 இலக்கு, கடைசி ஓவரில் நாலு ரன் வேண்டும், சாஸ்திரி மூன்று எடுத்து ஸ்கோரைச் சமன் செய்துவிட்டு எதிர்முனைக்குப் போய்விட்டார், ஐந்தாவது பந்தில் கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ முறையில் அவுட், 347, ஒரு பந்து மிச்சம். பெரியப்பா இதை எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் அந்த ஐந்தாவது பந்து வரும்போது எழுந்து நின்றுவிடுவார்.

டிக்கெட்டின் பின்பக்கம் ஒரு கையெழுத்து இருக்கிறது. பால்பாயிண்ட், பாதி வெளிறிவிட்டது. யாருடையது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இது நிஜமாக உங்கள் பெரியப்பா போன ஆட்டம்தான், பிறகு வேறு எங்கும் வாங்கியதில்லை என்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்டார். இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் பார்த்திருக்கிறீர்களா? வியாபாரி தட்டில் கை விட்டு அளைவார், ஒரு கூட்டை எடுத்துக் காதருகே குலுக்குவார், சந்தேகம் என்றால் அறுத்தே பார்த்துவிடுவார், அப்புறம்தான் விலை. பொருளே தன்னைச் சொல்லிவிடும். இந்த ஏலத்தில் அறுத்துப் பார்க்க உள்ளே ஒன்றும் இல்லை. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வழித்தடத்தைத்தான் வாங்குகிறார்கள். அதே 1986இல், சரியாக மூன்று மாசம் முன்பு, ஜூன் 22 அன்று கால்பந்து உலகக்கோப்பையில் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் தட்டி கோல் போட்டாரே, அந்தச் சட்டையை ஆட்டம் முடிந்ததும் ஸ்டீவ் ஹாட்ஜ் என்ற இங்கிலாந்து வீரர் மாற்றி வாங்கிக்கொண்டார். 2022இல் அவர் அதை ஏலத்துக்குக் கொடுத்தபோது மரடோனாவின் மகளே அது கோல் விழுந்த இரண்டாம் பாதியில் போட்டதல்ல, முதல் பாதியில் போட்ட சட்டை என்று மறுத்தார். ஏல நிறுவனம் படங்களோடு ஒப்பிட்டு நிரூபித்த பிறகு 71 லட்சம் பவுண்டுக்குப் போனது.

எங்களுக்குச் சான்று பெரியம்மாவின் அலமாரியில் கிடைத்தது. நாற்பது பக்க நோட்டு, 1986ஆம் வருஷத்துப் பால் கணக்கு. செப்டம்பர் பக்கத்தில் பெரியப்பாவின் கையெழுத்தில்: ஞாயிறு இரவு மொரப்பூரிலிருந்து ரயில், நானும் கணக்கு வாத்தியாரும், திங்கள் லீவு எழுதிக் கொடுத்தாச்சு. அதற்குக் கீழே 22-9-86, டை, இரண்டு முறை அடிக்கோடு. அதற்குக் கீழே மறுபடியும் அரை லிட்டர், அரை லிட்டர், ஒரு லிட்டர். கடைசி வரி, பால்காரருக்கு பாக்கி.

நிறுவனம் குதித்துவிட்டது. நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள், குறைந்தபட்ச விலையை இரண்டு மடங்காக வைக்கலாம் என்றார்கள். ஜெராக்ஸ் தருகிறேன் என்றேன், அசல்தான் வேண்டும் என்றார்கள். அதில் தவறில்லை, வாங்குகிறவருக்கும் அதே சந்தேகம் வருமே. பெரியம்மாவிடம் சொன்னேன். நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இந்த மாசம் ஒரு லிட்டர் இருக்குதே, அது உங்கண்ணன் பொறந்தப்ப" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இத குடுக்க வேணாம் கண்ணு. இது இல்லாம அதையும் குடுக்காத" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஏலப் பட்டியலிலிருந்து டிக்கெட்டை எடுக்கச் சொல்லி அன்றைக்கே எழுதினேன்.

மற்றதை விற்றோம். இதழ்கள் ஒரு கட்டாகவும் கார்டுகள் ஒரு கட்டாகவும் போயின. விற்கிறவரிடம் ஒரு கமிஷன் பிடிப்பார்கள், வாங்குகிறவரிடமும் ஏல விலைக்கு மேல் தனியாக வாங்குவார்கள். எல்லாம் போக பெரியம்மா கணக்கில் பதினோராயிரத்துச் சொச்சம் வந்தது. ஆரம்பத்தில் ஒரு வியாபாரி முழுப் பெட்டிக்கும், டிக்கெட்டோடு சேர்த்து, இரண்டாயிரம் தருகிறேன் என்று சொன்னதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. பெட்டியை மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியல் போடுங்கள்.

பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிதான் கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜன் ஊர். அவரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் பையன்களைத் தருமபுரியிலும் பார்த்திருக்கிறேன். தம்பிகளா, வாங்கிய அன்றைக்கே ஒரு தாளில் தேதி, இடம், கூட இருந்தவர் பெயர் எழுதி அதோடு வைத்துவிடுங்கள், முடிந்தால் அவர் கையெழுத்துப் போடும்போதே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பின்பக்கக் கையெழுத்தைப் பெரியம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். "வந்த அன்னிக்கே பேரு சொன்னாரு கண்ணு, நான் அடுப்புல பால் வச்சிருந்தேன்" என்கிறார்.

கணக்கு வாத்தியார் பாப்பிரெட்டிப்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று போன வாரம்தான் தெரிந்தது. எண்பத்திநாலு வயசு, காது கொஞ்சம் மந்தம், நினைவு நன்றாக இருக்கிறதாம். டிக்கெட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.