பள்ளி நூலகராகத் தகுதி பெற்ற வழி

சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றிக்கொண்டு, நூலகப் பொறுப்பையும் கூடுதலாகக் கவனித்து வந்த காலத்தில்தான், முறையாகப் படித்துத் தகுதி பெற்ற பின்னரே அந்தப் பணியில் தொடர வேண்டும் என்று முடிவு செய்தேன். நம் நாட்டில் பள்ளி நூலகருக்கென்று தனி உரிமத் தேர்வு இல்லை. நூலக அறிவியலில் பெறும் பட்டமோ பட்டயமோதான் சான்று. கேந்திரிய வித்யாலயாக்கள் நூலகர் பணிக்கு நூலக அறிவியலில் இளநிலைப் பட்டம், அல்லது ஏதேனும் ஒரு பட்டத்துடன் ஓராண்டு நூலக அறிவியல் பட்டயம் கேட்கின்றன. நான் விண்ணப்பிக்க எண்ணிய தனியார் பள்ளிகளும் ஏறத்தாழ இதையே எதிர்பார்த்தன.

வேலையை விட இயலாத நிலையில், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.எல்.ஐ.எஸ். எனப்படும் நூலக, தகவல் அறிவியல் இளநிலைப் பட்டப் படிப்பில் சேர்ந்தேன். ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடும் பருவ இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடும் மதிப்பு. தேர்வுகள் ஜூன், டிசம்பர் மாதங்களில் நடைபெறும் என்பதால், பள்ளிக் கால அட்டவணையோடு பொருத்திப் படிப்பது கடினமாக இல்லை. நூலகமும் சமூகமும், குறிப்புதவிப் பணி (வாசகர் கேட்கும் தகவலைத் தேடித் தருவது) போன்ற கருத்தியல் தாள்களை ஓர் ஆசிரியரால் தாமே படித்துப் புரிந்துகொள்ள முடியும். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை, தேர்வுக்காக அன்றி, என் பள்ளி அலமாரிகளை நினைத்தபடியே படித்தேன்.

படிப்பின் உயிர்நாடி செய்முறைத் தாள்களில் இருக்கிறது. எனக்குப் பயிற்சி தரப்பட்டது, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க உதவும் டூயி தசமப் பகுப்பு முறையின் 19ஆம் பதிப்பில். அது துணை அட்டவணைகள், பகுப்பெண்கள், சொல்லடைவு என மூன்று தொகுதிகளாக அமைந்தது. எண்களை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. தொகுதிகளைப் புரட்டி, எந்த எண்ணோடு எதை இணைக்க அனுமதி உண்டு என்று குறிப்புகளைப் படித்தறியும் பழக்கமே வேண்டும். தமிழ்நாட்டுப் பறவைகளைப் பற்றிய ஒரு நூலை எடுத்துக்கொண்டால், பறவைகளை இடவாரியாக ஆராய்வதற்கு அந்தப் பதிப்பில் 598.29 என்பது அடிப்படை எண். இடங்களுக்கான துணை அட்டவணையில் தமிழ்நாட்டுக்கு 5482. இரண்டையும் இணைத்தால் 598.295482. தமிழ்நாட்டு வரலாற்றுக்கு உரிய 954.82 என்ற எண்ணிலும் அதே இட எண்தான் ஒளிந்திருக்கிறது என்று கண்டபோது, பகுப்புமுறை எனக்கு முதன்முதலாக முழுமையாக விளங்கியது.

நூற்பட்டியல் தாளில் ஏ.ஏ.சி.ஆர். 2 எனப்படும் ஆங்கிலோ-அமெரிக்க நூற்பட்டியல் விதிகளின்படி, 12.5 × 7.5 செ.மீ. அட்டைகளில் முதன்மைப் பதிவும் துணைப் பதிவுகளும் எழுதிப் பழக வேண்டும். குடும்பப் பெயரை முதலில் எழுதும் வழக்கம் நம் பெயர்களுக்குப் பொருந்தாது. முன்னெழுத்து தந்தையையோ ஊரையோ குறிப்பதாக இருக்க, இயற்பெயரே தலைப்பாக வரவேண்டும். ஆகவே ‘ரங்கநாதன், எஸ்.ஆர்.’ என்றுதான் பதிவு தொடங்கும். இந்தத் தாளுக்கு நாள்தோறும் சில அட்டைகளாவது எழுதிப் பழகுங்கள் என்று படிக்கவிருப்போருக்கு உறுதியாகச் சொல்வேன். நிறுத்தக்குறிகளும் இடைவெளிகளும் கைக்குப் பழகாமல் தேர்வு நேரத்துக்குள் முடிக்க இயலாது.

பட்டம் பெற்றபின் வேறொரு பள்ளியின் நேர்காணலில், ஆறாம் வகுப்புக்கான நூலகப் பாடவேளையை எவ்வாறு நடத்துவீர்கள் என்பதே முதற்கேள்வியாக இருந்தது. நூல்களின் சேர்க்கைப் பதிவேடு, இருப்புச் சரிபார்ப்பு, கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் ஆகியவை பற்றி அதன் பின்னரே கேட்டார்கள். பள்ளி நூலகர் என்பவர் ஆசிரியரும்கூட என்பதை அந்த வரிசையே காட்டியது. வகுப்பறை அனுபவம் உடையவர்கள் இந்தத் துறைக்கு வருவதை நான் மனமார வரவேற்கிறேன்.

பணியில் சேர்ந்ததும் நான் முதலில் எடுத்துக்கொண்டது தமிழ் அலமாரியை. டூயி முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முதல் 829 வரை முழு வரிசையும் கிடைக்கிறது. தமிழ் இலக்கியமோ 894.811 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கவேண்டியிருக்கிறது. தமிழ்ப் புனைகதைகள் அனைத்தும் 894.8113 என்றே நிற்கும்போது, பத்து வயதுக் குழந்தைக்கு அந்த எண் எந்த வழியும் காட்டுவதில்லை. ஒரு நூலகம் தன் மொழி இலக்கியத்துக்கு 810ஐ ஒதுக்கிக்கொள்ளவும் டூயி முறை இடமளிக்கிறது. ஆயினும், பிற நூலகங்களின் பட்டியல்களோடு பொருந்தாமல் போகும் என்பதால் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பட்டியலில் முறையான எண்ணை அப்படியே வைத்து, நூல் முதுகில் மட்டும் வாசிப்பு நிலைக்கேற்ற வண்ணத்தாளும் ஆசிரியர் பெயரின் முதலெழுத்துகளும் ஒட்டினேன். நாட்டார் கதைகளுக்கு 398.2 இருப்பதால் அவற்றைப் புனைகதையிலிருந்து பிரித்துத் தனித் தட்டில் வைக்க முடிந்தது. சிறு வகுப்பு மாணவர்கள் இப்போது மிகுதியாக எடுத்துச் செல்வது அந்தத் தட்டிலிருந்துதான்.