ஜாவா_ஹோம்: எல்லாக் கணக்குக்கும் போய்ச் சேர வைத்தது

அலுவலக உபுண்டு சர்வரில் பல பேர் லாகின் செய்கிறோம். ஜாவா புரோகிராம்களை உருவாக்கி ஓட்டும் ஜேடிகே 17 அதில் /ஆப்ட் அடைவில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று மற்ற புரோகிராம்களுக்குச் சொல்லும் சூழல் மாறிதான் ஜாவா_ஹோம். ஜாவா புராஜெக்ட்களைக் கட்டும் மேவன் என் கணக்கில் ஓடும். மற்றவர்கள் ஓட்டினால் ஜாவா_ஹோம் சரியில்லை என்று நின்றுவிடும். அந்த மாறியை அமைக்கும் எக்ஸ்போர்ட் வரி, என் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) தொடங்கும்போது வாசிக்கும் .பாஷ்ஆர்சி கோப்பில் மட்டும் இருந்ததுதான் காரணம். எக்ஸ்போர்ட் செய்தது அந்த ஷெல்லுக்கும் அங்கிருந்து கிளம்பும் புரோகிராம்களுக்கும் மட்டும்தான்.

எல்லாருக்கும் வேண்டும் என்றால் /இடிசி/என்விரான்மென்ட் கோப்பில் எழுது என்பார்கள். எழுதினேன்: ஜாவா_ஹோம், சமக்குறி, ஜேடிகே இருக்கும் முழுப் பாதை. இது ஷெல் ஸ்கிரிப்ட் அல்ல. லாகினைக் கவனிக்கும் 'பாம்' என்ற பகுதி அந்த நேரத்தில் வாசிக்கும் வெறும் பட்டியல். அதனால் கட்டளைகளை எந்தெந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறியை இங்கே நீட்டக் கூடாது. டாலர் குறி போட்டு "பழைய பாத், அதோடு இதுவும்" என்று எழுதினால் அந்தக் குறி விரியாமல் எழுத்தாகவே நிற்கும். அப்புறம் கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளை கூடக் கிடைக்காமல் போகலாம். ஆகவே பாத் வரியை மட்டும் /இடிசி/புரொஃபைல்.டி அடைவில் .எஸ்எச் என்று முடியும் ஒரு கோப்பில் வைத்தேன். அதை லாகின் ஷெல் வாசிக்கும், டாலரும் விரியும்.

எல்லாரையும் ஒருமுறை வெளியேறி உள்ளே வரச் சொன்னேன். மாறிகளைக் காட்டும் பிரின்ட்என்வ் கட்டளை போட்டுப் பார்த்தார்கள், சரியாக வந்தது.

ஜாவா வெப் சர்வரான டாம்கேட் மட்டும் மசியவில்லை. ஜாவா_ஹோமும் இல்லை, ஜேஆர்இ_ஹோமும் இல்லை என்று அதன் லாக் கோப்பில் அதே புலம்பல். ரீபூட் செய்தாலும் மாறாது, ஏனென்றால் அதைக் கிளப்புவது, பின்னணி சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி. லாகின் என்ற ஒன்றே அங்கே நடப்பதில்லை. நான் எழுதிய இரண்டு கோப்புகளையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. 'சிஸ்டம்சிடிஎல் எடிட் டாம்கேட்' கொடுத்து, சர்வீஸ் பகுதியில் என்விரான்மென்ட் என்று தொடங்கி ஜாவா_ஹோமைக் கொடுக்கும் ஒரே ஒரு வரி சேர்த்து ரீஸ்டார்ட் செய்தேன். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க நல்ல இடம், ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ்களின் விவரம் இருக்கும் /ப்ராக் அடைவு. டாம்கேட் புராசஸின் எண்ணைப் பெயராகக் கொண்ட அடைவுக்குள் 'என்விரான்' என்று ஒரு கோப்பு உண்டு. அதில் மாறிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். 'டிஆர்' கட்டளையால் வரி வரியாகப் பிரித்ததும் ஜாவா_ஹோம் கண்ணில் பட்டது.

இதைப் பார்த்த ஒருவர், டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் /இடிசி/என்விரான்மென்டிலேயே போட்டுவிடலாமே என்றார். அந்தக் கோப்பை சர்வரில் கணக்கு உள்ள யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். முடியாது என்று சொல்லிவிட்டேன்.